ஒரே தாளில் நான்கு பேனா

2003-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக்கு எழுபத்தைந்து வயது. பவள விழா மலர் கொண்டுவருவது என்று பழைய மாணவர்கள் முடிவெடுத்தோம். கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்து, ஃப்ளாப்பியில் போட்டு, பஸ் ஏறி டிடிபி மையத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே அந்த எழுத்துரு இருக்காது. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் இறைந்து கிடக்கும். எழுத்துருவை இன்னொரு ஃப்ளாப்பியில் எடுத்துப்போய் அங்கே நிறுவிய பிறகுதான் தமிழ் தெரிந்தது.

மெய்ப்புப் பார்த்தவர் எங்கள் தமிழய்யா. அவர் சிவப்பு மையில் போட்டுத் தந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அதே வாரத்தில் கணக்கு டீச்சர் வேறொரு பிரதியில் ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்த்து, தன் மகன் கையில் மையத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். இரண்டு கோப்புகளுக்கும் ஒரே பெயர். ஒன்றின் மேல் மற்றொன்று பதிந்தது. அச்சாகி வந்த மலரில் டீச்சரின் ஆண்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஐயாவின் திருத்தங்களில் ஒன்றுகூட இல்லை. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தனக்குத் தந்த பிரதியைப் பிரித்து, பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி திருத்த ஆரம்பித்தார். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

2028-இல் பள்ளிக்கு நூற்றாண்டு. அந்த மலருக்கான வேலையை இப்போதே தொடங்கிவிட்டோம். ஐயா சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். டீச்சர் கோவையில். பக்க வடிவமைப்பு செய்யும் தம்பி சிங்கப்பூரில். நான் ஊரில். நான்கு பேரும் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் திறந்துவைத்திருக்கிறோம். ஐயா ஒற்றுப்பிழையைத் திருத்தும்போது அவருடைய பச்சைக் கோடு வரியில் நகர்வதை நான் இங்கிருந்து பார்க்கிறேன். டீச்சரின் நீலக் கோடு அடுத்த பத்தியில் ஓர் ஆண்டை மாற்றுகிறது. ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்தை அழிக்கவில்லை. யாருடைய கணினியிலும் இதற்கென்று எந்த மென்பொருளையும் நிறுவவில்லை. பிரவுசர் மட்டும்தான்.

இது எப்படி நடக்கிறது? அந்தக் கட்டுரை உண்மையில் எங்கே இருக்கிறது? அதை நம்பி ஒரு நூற்றாண்டின் நினைவுகளை ஒப்படைக்கலாமா?

மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும்

ஒரு மென்பொருளை நிறுவுதல் என்பது, நம் கணினியின் செயலகத்துக்கும் இயங்குதளத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பை நம் ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்து, அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் உரிய இடங்களில் அமர்த்துவது. விண்டோஸ் 95 ஃப்ளாப்பியில் விற்கப்பட்டபோது 13 ஃப்ளாப்பிகளில் வந்தது. ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுவி முடிந்துவிட்டால் அந்தக் கணினிக்கு வேறு யாருடைய தயவும் வேண்டாம். தொலைபேசிக் கம்பி அறுந்தாலும் வேலை ஓடும்.

அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. மென்பொருள், எழுத்துரு, கோப்பு ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தால்தான் ஒரு பக்கத்தைப் படிக்க முடியும். நான் பஸ்ஸில் கொண்டுபோனது கோப்பை மட்டுமே. மற்ற இரண்டும் மையத்தில் இருக்கும் என்று நம்பினேன். இருந்தது ஒன்றுதான்.

நிறுவப்பட்ட மென்பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நாம் எதையெல்லாம் திறக்க முடியுமோ, அதையெல்லாம் அதுவும் பொதுவாகத் திறக்க முடியும். நமக்காகக் கடிதம் எழுத வந்த நிரலுக்கு நம் புகைப்படங்களைப் படிக்கவும் வழி இருந்தது. வைரஸ்கள் பெருகியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம். பிரவுசர் இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. அதற்குள் ஓடும் நிரல் வேலி போட்ட இடத்துக்குள்ளேயே ஓடுகிறது. நாம் கைநீட்டி ஒரு கோப்பைக் கொடுத்தாலொழிய நம் டிஸ்க்கை அது தொட முடியாது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தரவைப் படிக்கக் கூடாது என்ற விதி 1995-இலேயே நெட்ஸ்கேப் பிரவுசரில் வந்துவிட்டது.

புதிதுபோல் தெரியும் பழைய யோசனை

வேலை ஓரிடத்தில் நடக்க, நாம் வேறோரிடத்திலிருந்து அதைப் பயன்படுத்துவது என்ற எண்ணம் வீட்டுக் கணினியைவிட மூத்தது. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். தொலைபேசி எப்படிப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருக்கிறதோ, அப்படியே கணினி வசதியும் ஒருநாள் ஆகலாம் என்றார். அதே ஆண்டு அதே நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் அமைப்பைச் செய்துகாட்டியது. கணினி மிக விரைவாக ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவியதால், ஒவ்வொருவருக்கும் அது தனக்கே உரியதுபோல் தோன்றியது.

1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர் இன்னும் ஒருபடி மேலே போனார். மேடையில் அவர், சில பத்து கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் அவருடைய சகா. இருவரும் திரை வழியே ஒரே ஆவணத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். எங்கள் மலர்க் குழு இன்று செய்வதன் முதல் வடிவம் அது.

பிறகு காற்று திசை மாறியது. 1977-இல் ஆப்பிள் 2, 1981-இல் ஐபிஎம் பிசி என்று மலிவான கணினிகள் மேசைக்கு வந்தன. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளுக்காகவே பலர் கணினி வாங்கினார்கள். பொதுக் கணினிக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சொந்தக் கணினி பெரிய விடுதலை. அந்த விடுதலையை அனுபவித்த தலைமுறையிடம் "உன் கோப்பை மறுபடியும் எங்கோ ஒரு பொதுக் கணினியில் வை" என்று சொன்னால் தயக்கம் வருவது நியாயமே.

பக்கம் செயலியான கதை

செர்ன் ஆய்வகத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை, படிப்பதற்கான பக்கங்களைக் கொண்டது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், அதை வைத்திருக்கும் தொலைதூரக் கணினியான சர்வர் அனுப்பும், அத்தோடு உறவு முடிந்தது. ஓர் எழுத்தை மாற்றினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி வரவழைக்க வேண்டும். 1996-இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், எந்த ஊரில் எந்தக் கணினியிலும் அஞ்சலைத் திறக்கலாம் என்று காட்டியது. ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் திரை வெளுத்து மீண்டும் வரும்.

மூன்று கண்டுபிடிப்புகள் இந்த நிலையை மாற்றின.

முதலாவது, பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஒரு மொழி. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். சர்வரைக் கேட்காமலே பக்கம் சில வேலைகளைத் தானே செய்துகொள்ள இது வழிசெய்தது.

இரண்டாவது, முழுப் பக்கத்தையும் தொந்தரவு செய்யாமல் பின்னணியில் கொஞ்சம் தரவை மட்டும் கேட்டு வாங்கும் வசதி. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் அஞ்சலை வலையில் தருவதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளியானது. சில ஆண்டுகள் பலர் கண்ணில் படாமலே கிடந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயிலும், 2005 தொடக்கத்தில் வந்த கூகுள் மேப்ஸும் இதன் வலிமையைக் காட்டின. வரைபடத்தை மவுஸால் இழுத்தால் விடுபட்ட துண்டுகள் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டன. பக்கம் வெளுக்கவில்லை. ஜிமெயில் தந்த இடம் ஒரு ஜிபி. ஹாட்மெயில் அப்போது இலவசமாகத் தந்தது இரண்டு எம்பி.

மூன்றாவது, வேகம். அதுவரை பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்டை ஒரு துபாஷியைப் போல வரிவரியாகப் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே வரி ஆயிரம் முறை வந்தால் ஆயிரம் முறையும் பெயர்ப்பு. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது அதற்குள் வி8 என்ற பொறி இருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையில் உருவானது. வரிகளை அது செயலகத்தின் சொந்த மொழிக்கே மாற்றி வைத்துக்கொண்டது. பிறகு மற்ற பிரவுசர்களும் இந்தப் பந்தயத்தில் இறங்கின. 2017-இல் வெப்அசெம்பிளி என்ற, செயலகத்தின் மொழிக்கு நெருக்கமான நிரல் வடிவம் நான்கு பெரிய பிரவுசர்களிலும் இடம்பெற்றது. அதன்பின் சி++ போன்ற மொழிகளில் எழுதிய பழைய கனமான மென்பொருள்களையும் பிரவுசருக்குள் கொண்டுவர முடிந்தது. 1990 முதல் கணினியில் நிறுவியே பழகிய ஃபோட்டோஷாப் 2021-இல் பிரவுசரில் முன்னோட்டமாக ஓடியது.

எழுதுவதற்கான வலைச் செயலிகள் இரண்டாம் கட்டத்திலேயே பிறந்துவிட்டன. 2005-இல் ரைட்லி வந்தது. மறு ஆண்டு அதைக் கூகுள் வாங்கி கூகுள் டாக்ஸ் ஆக்கியது. அதே 2005-இல் ஸோஹோ ரைட்டரும் வெளியானது. அட்வெண்ட்நெட் என்ற பெயரில் 1996-இல் தொடங்கி, சென்னையில் வளர்ந்து, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் படைப்பு அது. இன்று அந்த நிறுவனத்துக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் அலுவலகம் இருக்கிறது. உலகம் முழுவதும் பலர் அன்றாடம் திறக்கும் வலைச் செயலிகள் குற்றாலச் சாரல் விழும் ஊர்களிலிருந்தும் எழுதப்படுகின்றன.

ஓர் எழுத்தின் பயணம்

ஐயா சென்னையில் "நீ" என்று தட்டுகிறார். என்ன நடக்கிறது?

எழுத்துகளுக்கு உலகப் பொது எண் தரும் யூனிகோடில் அது ஓர் எழுத்தாக இல்லை. ந, அதையடுத்து ஈகாரக் குறி என இரண்டு குறியீடுகளாக இருக்கிறது. வலையில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆகவே "நீ" ஆறு பைட். இந்த ஆறு பைட்டோடு, எந்த ஆவணம், எந்த இடம், யார் தட்டியது என்ற விவரமும் சேர்ந்து மறையீடு செய்யப்பட்டு சர்வருக்குக் கிளம்புகிறது. வழியில் யாராவது இடைமறித்தாலும் படிக்க முடியாது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் மும்பையில் இருந்தால் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். போய்வர நொடியில் நூறில் ஒரு பங்கு. கலிஃபோர்னியாவில் இருந்தால் போகவே சுமார் 14,000 கிலோமீட்டர். போய்வர ஒளியின் வேகத்திலேயே 140 மில்லிநொடி பிடிக்கும். கேபிள்கள் வளைந்து வளைந்து போவதாலும் நடுவில் பல சந்திப்புகள் இருப்பதாலும் உண்மையில் இன்னும் கூடும். தட்டிய எழுத்து நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் மனிதர்களுக்கு உறுத்த ஆரம்பிக்கும்.

அப்படியிருந்தும் ஐயாவுக்கு எழுத்து உடனே தெரிகிறது. காரணம், செயலி சர்வரின் சம்மதத்துக்குக் காத்திருப்பதில்லை. எழுத்தை முதலில் அவர் திரையில் போட்டுவிடுகிறது, பிறகுதான் அனுப்புகிறது. "சேமிக்கப்படுகிறது", "சேமிக்கப்பட்டது" என்று மேலே மாறும் சிறு வாசகம் அந்த இடைவெளியைத்தான் சொல்கிறது. முதல் வாசகம் மறையும் வரை அந்த எழுத்து ஐயாவிடம் மட்டும் இருக்கிறது. அப்போது ஜன்னலை மூடினால் இழக்க நேரலாம்.

சர்வர் பக்கத்திலும் ஒரே டிஸ்க்கை யாரும் நம்பியிருப்பதில்லை. டிஸ்க் என்றால் ஒருநாள் பழுதாகும் என்று எடுத்துக்கொண்டே அங்கே எல்லாம் கட்டப்படுகின்றன. தன் கோப்பு அமைப்பைப் பற்றி 2003-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள் வைப்பதை விவரித்தது. எங்கள் பவள விழா மலர் ஒரே ஃப்ளாப்பியில் பயணம் செய்துகொண்டிருந்த ஆண்டும் அதுதான்.

இருவர் ஒரே வரியில்

இனி முக்கியமான புதிர். மலரில் ஒரு வரி: "நேற்று ஊரில் மழை பெய்தது." நான்கு சொற்கள். ஐயா மூன்றாம் இடத்தில் "நல்ல" என்று சேர்க்கிறார். அதே நொடியில் டீச்சர் இரண்டாம் சொல்லான "ஊரில்" என்பதை நீக்குகிறார். ஒருவர் செய்தது மற்றவருக்கு இன்னும் தெரியாது.

ஐயாவின் திரையில் இப்போது "நேற்று ஊரில் நல்ல மழை பெய்தது." டீச்சரின் கட்டளை வருகிறது: இரண்டாம் சொல்லை நீக்கு. விளைவு: "நேற்று நல்ல மழை பெய்தது."

டீச்சரின் திரையில் "நேற்று மழை பெய்தது." ஐயாவின் கட்டளை வருகிறது: மூன்றாம் இடத்தில் "நல்ல" சேர். விளைவு: "நேற்று மழை நல்ல பெய்தது."

இரண்டு திரைகளும் பிரிந்துவிட்டன. 2003-இல் எங்களுக்கு நேர்ந்ததும் இதேதான். அங்கே ஒரு வாரத்தில் நடந்தது, இங்கே ஒரு நொடியில் நடக்கிறது.

இதற்கான தீர்வை 1989-இல் டெக்சஸ் மாநில ஆஸ்டினில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் முன்வைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மனிதர் எல்லிஸ். அவர்களுடைய யோசனை எளிமையானது: தொலைவிலிருந்து வரும் கட்டளையை அப்படியே நிறைவேற்றாதே. அது கிளம்பிய பிறகு இங்கே என்னென்ன மாறியது என்று பார்த்து, அதற்கேற்பக் கட்டளையைத் திருத்திவிட்டு நிறைவேற்று. டீச்சரின் கணினி இப்படி யோசிக்கும்: "மூன்றாம் இடம் என்று சொல்கிறார். அதற்கு முன்னால் ஒரு சொல்லை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன். அப்படியானால் அவர் சொல்லும் இடம் எனக்கு இரண்டு." இப்போது இரண்டு திரைகளிலும் "நேற்று நல்ல மழை பெய்தது."

நான் சொற்களை எண்ணிக் காட்டியது விளக்கத்துக்காக. செயலி எண்ணுவது குறியீடுகளை. "ஐயா" அதற்கு மூன்று: ஐ, ய, ஆகாரக் கால். கட்டளைகளும் சேர், நீக்கு என்ற இரண்டோடு நிற்பதில்லை. தடித்த எழுத்தாக்கு, பத்தியைப் பிரி, அட்டவணையில் வரிசை கூட்டு என்று நீளும். ஒவ்வொன்றும் மற்றொன்றோடு மோதினால் எப்படித் திருத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பலர் சேரும்போது சிக்கல் பெருகுகிறது. 1995-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஜூபிடர் அமைப்பு இதை எளிமையாக்கியது. எல்லாக் கட்டளைகளும் நடுவில் ஒரே சர்வருக்கு வந்து ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கணினியும் சர்வரோடு மட்டும் உடன்பட்டால் போதும். பிறகு வந்த கூகுள் வேவ் என்ற கூட்டு எழுத்துச் செயலி இந்த வழியில்தான் கட்டப்பட்டது. நடுவர் இல்லாமலே உடன்படும் இன்னொரு வழியை 2011-இல் மார்க் ஷாபிரோவும் சக ஆய்வாளர்களும் வரையறுத்துத் தந்தார்கள். அந்த வகையில் அமைந்த ஆவணத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மாறாத தனிப் பெயர் உண்டு. "மூன்றாம் இடம்" என்று சொல்லாமல் "இன்ன பெயருள்ள குறியீட்டுக்குப் பின்" என்று சொன்னால் யார் எதை நீக்கினாலும் குழப்பம் வராது.

இதிலிருந்து ஒன்று விளங்கியது. என் கண்ணுக்குத் தெரியும் கட்டுரையைக் காட்டிலும், அதற்குள் செய்யப்பட்ட மாற்றங்களின் வரிசைதான் இத்தகைய செயலிக்கு அடிப்படை. முதல் எழுத்திலிருந்து அந்த வரிசையை ஓட்டினால் இன்றைய கட்டுரை கிடைக்கும்; நடுவில் நிறுத்தினால் போன செவ்வாய்க்கிழமைக் கட்டுரை கிடைக்கும். "பதிப்பு வரலாறு" என்று செயலி காட்டுவது இதைத்தான். ஐயா இட்ட ஒவ்வொரு ஒற்றும் அவர் பெயரோடும் நேரத்தோடும் அங்கே இருக்கிறது. அவருடைய உழைப்பு ஒரு கோப்பின் பெயர் ஒத்துப்போனதற்காக இனி மறையாது. வலைச் செயலிக்கு நான் மாறியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தமிழ் அடைந்த விடுதலை

பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் கோப்பில் பதிவானது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே-யின் இடத்தில் "த" வடிவத்தை வரைந்து காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்தது. வேறு எழுத்துருக்களுக்கு வேறு ஒப்பந்தங்கள். அப்படிப்பட்ட கோப்புக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடக்கூட அதே எழுத்துருவின் விசைகளில் தட்ட வேண்டியிருந்தது.

யூனிகோடில் தமிழுக்கு 1991-இன் முதல் பதிப்பிலிருந்தே இடம் இருக்கிறது. "த" என்பதற்கு உலகம் முழுக்க ஒரே எண். ஆனாலும் அச்சு மையங்களில் பழைய எழுத்துருக்கள் வெகுகாலம் தொடர்ந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அன்றாட எழுத்தில் நம்மைப் பழைய எழுத்துருக்களிலிருந்து பெயர்த்து எடுத்ததில் வலைக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த ஊரில் எந்தக் கருவியில் திறப்பார்கள் என்று தெரியாத இடத்தில், ஒரு குறிப்பிட்ட கணினியின் எழுத்துருவை நம்பி எழுத முடியாது. இன்று மலருக்குள் எழுபது ஆண்டுக்கு முந்தைய தலைமையாசிரியர் ஒருவரின் பெயரைத் தேடினால் நொடியில் கிடைக்கிறது.

சாவி யார் கையில்?

இத்தனை நன்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. மூன்று பிரதிகள், பதிப்பு வரலாறு, மறையீடு எல்லாம் இருந்தாலும், அவை இருக்கும் வீட்டின் சாவி பெரும்பாலும் நம்மிடம் இல்லை. நமக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையீடு காக்கிறது; ஆனால் பெரும்பாலான பொதுச் சேவைகளில் சேவை தருபவர் படிக்க முடியும். கணக்கு முடங்கினால், கடவுச்சொல் மறந்து பழைய கைபேசி எண்ணும் இல்லாமற்போனால், நம் எழுத்து பத்திரமாக இருந்தும் நமக்குக் கிடைக்காது.

சேவையே மூடப்படலாம். 2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுள் ரீடர் என்ற வாசிப்புச் செயலி நிறுத்தப்பட்டது. அதன் வாசகர்கள் தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியலைப் பொது வடிவத்தில் இறக்கி, வேறு வாசிப்புச் செயலிகளில் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு வேறு அனுபவம். நான் பல ஆண்டு குறிப்பெழுதிவந்த ஒரு சிறு சேவை மூடப்பட்டபோது, அறிவிப்பு நான் பார்க்காமல் விட்டிருந்த அஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது. தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்த வட்டார வழக்குச் சொற்கள் சில நூறு அதில் இருந்தன. சொன்னவர்களில் இருவர் இப்போது இல்லை.

அப்படியானால் சொந்த டிஸ்க்தான் பாதுகாப்பு என்று சொல்லலாமா? அந்தப் பவள விழா மலரின் கோப்பு இன்னும் என்னிடம் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. பேஜ்மேக்கர் வடிவம். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. என் இன்றைய கணினியில் அந்தக் கோப்பு திறக்கவில்லை. தகடு என் அலமாரியில், பெட்டி என் வீட்டில், சாவி என் சட்டைப்பையில்; உள்ளே இருப்பதைத்தான் படிக்க முடியவில்லை. நல்லவேளையாக, கட்டுரைகளை வெறும் எழுத்துக் கோப்புகளாகவும் வைத்திருந்தேன். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியால் அவற்றை மீட்டேன்.

இந்த இரண்டு இழப்புகளும் சேர்ந்துதான் எனக்குப் பாடம் கற்றுத் தந்தன. கோப்பு என் மேசையில் இருக்கிறதா, தொலைதூரச் சர்வரில் இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. அதை அங்கிருந்து வெளியே எடுக்க முடியுமா, எடுத்ததை வேறொரு மென்பொருளில் படிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

மாறுவதற்கு முன்

பலர் சேர்ந்து எழுதுவது, அஞ்சல், நாட்காட்டி, வீட்டு வரவுசெலவு, விழாக் கணக்கு, படிவங்கள் ஆகியவை வலைக்கு மிகவும் பொருந்தும். சின்னச் சின்ன மாற்றங்களாக நடக்கும் வேலைகள் இவை. சில நூறு பைட்டுகளில் பயணம் முடிந்துவிடும். நீண்ட காணொளித் தொகுப்பு, ஆயிரக்கணக்கான பெரிய புகைப்படங்கள், அச்சுக்குப் போகும் இறுதிப் பக்க வடிவமைப்பு ஆகியவை இன்னும் சொந்தக் கணினியில் சுகமாக ஓடுகின்றன. எங்கள் வடிவமைப்புத் தம்பியும் பக்கங்களைத் தன் கணினியில் நிறுவிய மென்பொருளில்தான் கட்டுகிறார்.

இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவர்கள், செயலியின் இணையமில்லாப் பயன்முறையை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டும். அப்போது பிரவுசர் தனக்குள்ளே ஒரு சிறு பெட்டகத்தில் ஆவணத்தை வைத்துக்கொள்ளும். தொடர்பு திரும்பியதும் விடுபட்ட மாற்றங்களை வரிசையாக அனுப்பும். மின்சாரம் போன மாலைகளிலும் நான் இப்படித்தான் எழுதுகிறேன். கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடுங்கள். அதற்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும். மூன்று பிரதியும் சேர்ந்தே நீங்கும். ஆகவே மாதம் ஒருமுறையாவது கோப்புகளை இறக்கித் தனி டிஸ்க்கில் வையுங்கள். சேவையின் சொந்த வடிவத்தைத் தவிர்த்து, ஓடிஎஃப் போன்ற பொது வடிவத்திலோ வெறும் எழுத்துக் கோப்பாகவோ இறக்குங்கள். 2006-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் யாருக்கும் தனிச் சொத்தில்லை. யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கும் மென்பொருளை எழுதலாம்.

இரண்டு உலகங்களையும் இணைக்கும் முயற்சியும் நடக்கிறது. 2019-இல் இங்க் அண்டு ஸ்விட்ச் ஆய்வுக் குழுவினர் கணினி ஆய்வாளர் மார்ட்டின் கிளெப்மனுடன் சேர்ந்து ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். முதன்மைப் பிரதி நம் கருவியிலேயே இருக்க வேண்டும். சர்வர் துணைக்கு மட்டும். பலர் சேர்ந்து எழுதும் வசதியும் குறையக் கூடாது. நடுவர் இல்லாமல் உடன்படும் அந்த 2011 வழிமுறைதான் இதற்கு அடித்தளம். இது பரவலாகும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அதுவரை எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மலரின் கட்டுரைகளை இறக்கி, நான் ஒரு டிஸ்க்கிலும் டீச்சர் ஒரு டிஸ்க்கிலும் சேமிக்கிறோம். பிறகு இருவரும் ஒரு கோப்பையாவது திறந்து படித்துப் பார்க்கிறோம். திறக்காத பிரதியை நம்பக் கூடாது என்று அந்தக் குறுந்தகடு கற்பித்திருக்கிறது. போன வாரம் நான் திறந்தது, பள்ளியின் முதல் தலைமையாசிரியரைப் பற்றி ஐயா எழுதிய கட்டுரை. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, முந்தைய இரவு அவர் போட்ட கடைசி ஒற்று வரை அதில் இருந்தது.